கவன்ட்ரிக்காரனைக் கவன்ட்ரிக்கு அனுப்பியது

இங்கிலாந்தில் பாராளுமன்றத்தோடு நடந்த சண்டையில் ராஜாவின் சேனை தோற்றுப்போன அந்தக் கோடையின் முடிவில், அவருக்காகச் சண்டைபோட்டுப் பிடிபட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களை வண்டி வண்டியாகக் கவன்ட்ரிக்கு அனுப்பினார்கள். ஏன் கவன்ட்ரி என்றால், ஊரைச் சுற்றி நல்ல மதில் இருந்தது. ஊருக்குள் ராஜாவைப் பிடிக்காத சனம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கமிட்டி இருந்தது.

‘கைதிகளோடு பேசாதிருத்தலை நெறிப்படுத்தும் மாண்புமிகு கமிட்டி’ என்பது அதன் முழுப்பெயர். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் ரொட்டி தீய்ந்துவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் வாய்க்கட்டுக் கமிட்டி என்று சுருக்கிக்கொண்டார்கள். தலைவர் எசேக்கியா புல்மர், பெரிய கம்பளி வியாபாரி. பேசாமலிருப்பதன் பெருமையைப் பற்றி அவர் சந்தையில் நின்று பேசத் தொடங்கியபோது கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. முடித்தபோது கோழிகள் அடைந்திருந்தன.

“மற்ற ஊர்களில் கைதிகளைத் தொங்கவிடுகிறார்கள்! ஒரு கயிறும் ஒரு மரமும் இருந்தால் எந்த மடையனும் அதைச் செய்துவிடுவான். பேசாமல் கொல்வதற்கு நாகரிகம் வேண்டும், நண்பர்களே! நான் என் சொந்தத் தம்பியோடு பதினோரு வருஷமாகப் பேசவில்லை. எதற்காக என்பதுகூட மறந்துவிட்டது. அப்படிப்பட்ட பயிற்சி இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது!”

கூட்டம் கைதட்டியது. அவருடைய தம்பியும் தட்டினார்.

விதி எளிமையானது. கைதியோடு யாரும் பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, அவன் தும்மினால் வாழ்த்தக் கூடாது. மீறுகிறவனையும் கைதியாகவே நடத்த வேண்டும். ஒரே ஒரு சங்கடம்: தண்டனை என்னவென்று கைதிகளுக்குத் தெரிய வேண்டுமே, அதை யார் போய்ச் சொல்வது? சொன்னால் பேசியதாகிவிடும். கமிட்டி மூன்று நாள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. கைதிகளை அடைத்திருந்த தேவாலயத்துக்குள் ஒபதியா லஸ்க் போதகர் போய், அங்கிருந்த ஒரு தூணிடம் விதிகளை வாசித்தார். கைதிகள் தற்செயலாக அங்கே இருந்தார்கள். தூண் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

அந்தத் தேவாலயத்துக்கு எதிரே, ஸ்பான் தெருவில், பார்னபி டக்கரின் ரொட்டிக்கடை.

பார்னபிக்கு ராஜாவையும் தெரியாது, பாராளுமன்றத்தையும் தெரியாது. மாவு தெரியும், நெருப்பு தெரியும், மகள் ஃபீபிக்குச் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும் என்பது தெரியும். மாப்பிள்ளை ஜைல்ஸ், நூலுக்குச் சாயம் போடுகிறவன். முழங்கை வரைக்கும் நீலமாகவே இருக்கும் நல்ல பையன். கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஃபீபியின் வயிற்றுக்குள் ஏற்கனவே உதைக்கத் தொடங்கியிருந்தது. குழந்தை முந்திக்கொண்டால் தாயையும் பிள்ளையையும் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஊரில் ஒரு கமிட்டி இருந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

“திருநாளுக்கு முன்னாடி முடிச்சிடணும், மனுசா. அப்புறம் கவுனைப் பெருசா தைச்சாக்கூட மறையாது,” என்று டாம்சின் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். அவன் பெண்டாட்டி. அவள் பேச்சு ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்தில்தான் பார்னபிக்கு மாவே பொங்கும்.

கைதிகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேலை பார்னபிக்கு வந்தது. கூடையை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தான். மூன்றாவது வாரம் ஒரு செம்பட்டைத் தாடிக்காரன் அவசரப்பட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய ரொட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினான். பார்னபி, பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் சொல்லிவந்ததை அவனுக்கும் சொல்லிவிட்டான்.

“பாத்து, சுடும்.”

கல்லறை ஒன்றின் பின்னாலிருந்து லஸ்க் போதகர் எழுந்தார்.

விசாரணை ஊர்மண்டபத்தில் நடந்தது.

“பழக்கதோசம் ஐயா,” என்றான் பார்னபி. “ரொட்டி குடுத்தா அந்த வார்த்தை தானா வந்துரும். போன வருசம் நம்ம கழுதைகிட்டக்கூட சொன்னேன்.”

“கழுதை ராஜா பக்கமா, பாராளுமன்றத்துப் பக்கமா?” என்று கேட்டார் புல்மர்.

“கேட்டுப் பாக்கல ஐயா.”

“பாத்தீங்களா!” என்றார் லஸ்க். “யாரு எந்தப் பக்கம்னு விசாரிக்காமலே எச்சரிக்கை குடுக்கிறான். கை சுட்டா சுடட்டுமேன்னு விடணும். இரக்கம்ங்கறது என்ன? அதுதான் ராஜவிசுவாசத்தோட முதல் அறிகுறி. நான் என்னைப் பத்திச் சொல்றேன், எனக்கு இரக்கம் வந்து வருசக்கணக்காச்சு. தூங்குறேன், சாப்பிடுறேன், நல்லாத்தான் இருக்கேன்.”

சாட்சிக்குச் செம்பட்டைத் தாடிக்காரனைக் கொண்டுவந்தார்கள். பெயர் டூகல். மாடு விற்கத் தெற்கே வந்து போனதில் ஊர்ப் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் பழக்கம். கமிட்டி ஐவரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். புல்மர் மண்டபத்துத் தூணைப் பார்த்துக் கேட்டார்:

“தூணே, இந்த ரொட்டிக்காரன் கைதியிடம் பேசினானா?”

டூகலுக்கும் புரிந்துவிட்டது. அவனும் தூணிடமே சொன்னான். “பேசினாரு, தூணே. நல்ல மனுசன். எங் கையி பொத்துப் போயிருக்கும்லா.”

“இந்த ஊர் மௌனத்தால் கைதிகள் எப்படித் துடிக்கிறார்கள் என்பதையும் தூண் சபைக்குச் சொல்லட்டும்.”

“மௌனமா? அது தண்டனையாவே? நாங்க இது உங்க ஊரு வழக்கம்னுல்லா நெனைச்சோம்! போதகரு தூணுகிட்ட வாசிச்சதும் தூணுக்குத்தான்னுல்லா இருந்தோம்! எங்கள்ல பாதிப்பேருக்கு உங்க பாஷையே தெரியாது. எங்க சார்ஜன்ட் ஒருத்தன், விடிஞ்சா கத்துவான், அடைஞ்சாலும் கத்துவான். இங்க வந்துதான் நிம்மதியாத் தூங்குதோம். ரொம்ப மரியாதையான ஊரு, தூணே.”

புல்மர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தூண் சொன்னதை நம்பத் தேவையில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பார்னபியைப் பற்றிச் சொன்னது மட்டும் நம்பத் தகுந்தது.

தீர்ப்பு: பார்னபி டக்கரைக் கைதியாகவே நடத்துவது, அதாவது, கவன்ட்ரிக்கு அனுப்புவது.

“நான் கவன்ட்ரியிலதானே ஐயா இருக்கேன்?” என்றான் பார்னபி.

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இந்தக் கோணம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“இருக்கிறது வேற, அனுப்பப்படுறது வேற,” என்றார் லஸ்க். “கைதிங்களை எங்கேருந்து அனுப்புறாங்க? பர்மிங்காம்லேருந்து. அப்ப இவனும் அங்கேருந்துதான் அனுப்பப்படணும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அப்படியாக, பார்னபியை வண்டியில் ஏற்றி, பகல் முழுக்க எலும்பு குலுங்க, பர்மிங்காமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைதிகளை அனுப்பும் அதிகாரி சைலஸ் கிரிம்லி வெங்காயமும் பாலாடைக்கட்டியும் கடித்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருப்பா நீ?”

“கவன்ட்ரிங்க.”

“எங்க போகணும்?”

“கவன்ட்ரிக்குங்க.”

கிரிம்லி வெங்காயத்தைக் கீழே வைத்தார். “அப்புறம் எதுக்குய்யா இங்க வந்தே?”

“இங்க வந்தாத்தான் அங்க அனுப்ப முடியுமாம்.”

“யாரு சொன்னா?”

“கமிட்டிங்க.”

“ஆமா, ஆமா, கமிட்டி.” கிரிம்லி தலையை ஆட்டிக்கொண்டே முத்திரையை எடுத்தார். “எங்க ஊர்ல வாள் அடிக்கிறாங்க, ஆணி அடிக்கிறாங்க. உங்க ஊர்ல கமிட்டி அடிக்கிறாங்க. உக்காரு. ஒரு வாய் சாப்பிடு. இனிமே உங்கூட பேசுறதுக்கு ஆள் கிடைக்காது, இப்பவே பேசிக்க.”

பார்னபி நெடுநேரம் பேசினான். முக்கால்வாசி ஃபீபியைப் பற்றி.

மறுநாள் ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ஆரம்பித்தது. தேவாலயம் ஏற்கனவே நிரம்பியிருந்ததால் அவனைக் கடையிலேயே இருக்க விட்டார்கள். வாயில் காவலாளி, இருபது வருஷப் பழக்கம், வானத்தைப் பார்த்தான். கடைக்கு வந்தவர்கள் ரொட்டி கேட்கவும் வழியில்லாமல், விரலால் காட்டவும் அனுமதியில்லாமல், ரொட்டியை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள். டாம்சினின் வாய்தான் பார்னபியை மிகவும் பயமுறுத்தியது. அது மூடியிருந்தது. ஒரு பொழுது முழுக்கத் தாக்குப்பிடித்தவள், விளக்கு வைத்ததும் மாவு பிசையும் தொட்டியின் முன்னால் போய் நின்றாள்.

“தொட்டியே, அந்த மனுசன்கிட்ட நான் பேசலை. உங்கிட்டதான் பேசுறேன். ஞாயித்துக்கிழமை கல்யாணம். போதகர் சபைக்கு முன்னாடி தகப்பன்கிட்ட சம்மதம் கேக்கணும். வாய்விட்டுக் கேக்கணும், அதான் விதி. இப்ப அந்தாளுகிட்ட யாருமே பேசக் கூடாது. அப்புறம் எப்படிக் கேப்பாங்க? பாத்து சுடுமாம், பாத்து சுடுமாம்! இப்ப யாரைச் சுட்டுச்சு?”

பார்னபி ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. ஃபீபி பெரிய கவுனில் நின்றாள். ஜைல்ஸ் நீலக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். லஸ்க் போதகர் தகப்பனின் சம்மதம் என்ற இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

“சம்மதம்!” என்று கத்தினான் பார்னபி. “முழுச் சம்மதம்!”

“கேள்வி கேட்கப்படவில்லை,” என்றார் லஸ்க், கூரையைப் பார்த்து. “கேட்காத கேள்விக்கு வந்த பதில் சபையின் காதில் விழவும் இல்லை.”

டாம்சின் எழுந்தாள். “பெத்தவ நான் இருக்கேனே, என்னைக் கேளுங்க!”

“தகப்பன் உயிரோடு இல்லைன்னாத்தான் தாயோட சம்மதம் செல்லும்.”

சபை முழுக்கத் திரும்பிப் பார்னபியைப் பார்த்தது. அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. டாம்சின்கூட ஒரு கணம் யோசித்த மாதிரிதான் இருந்தது.

“அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?” என்றாள் ஃபீபி. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

புல்மர் முன் வரிசையிலிருந்து எழுந்தார். “மகளே, உன் துயரம் எனக்குப் புரிகிறது. புரிந்ததனால் என் முடிவு மாறும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. இந்தக் குழந்தை முறைகேடாகப் பிறக்குமானால் அதையும் முறைப்படி தண்டிப்போம். எங்களிடம் பாரபட்சம் கிடையாது.”

ஃபீபி அவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். சபை பின்னாலேயே ஓடியது. தெருவைக் கடந்து, கைதிகள் இருந்த தேவாலயத்தின் கதவைத் தள்ளி, ஊருக்கே கேட்கும்படி கூவினாள்:

“டூகல் அண்ணே! நல்லாருக்கீங்களா? ராத்திரி குளிரு எப்படி?”

டூகல் பயந்துபோனான். “குளிருதான், தாயி. இதையும் தூணுகிட்டதான் சொல்லணுமா?”

“எங்கிட்டயே சொல்லுங்க. நான் கேக்குறேன்.”

“ஃபீபி!” என்று அலறினார் லஸ்க். அதற்குள் ஜைல்ஸ் உள்ளே புகுந்து, அகப்பட்ட ஒவ்வொரு கைதியின் கையையும் பிடித்துக் குலுக்கி, நீலமாக்கிக்கொண்டிருந்தான். டாம்சின் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஏண்டா, தாடியில எலி குடித்தனம் பண்ணுதா? துணி துவைச்சு எத்தனை மாசமாச்சு? உங்களைப் பெத்தவங்க பாத்தா என்னடா சொல்லுவாங்க?”

திட்டுவது பேச்சு ஆகுமா என்று கமிட்டி தெருவிலேயே நின்று விவாதித்தது. ஆகும் என்று முடிவானது. டாம்சினுக்கு அப்பாடா என்றிருந்தது.

மூவரும் கவன்ட்ரிக்கு அனுப்பப்படுவதற்காக அன்றைக்கே வெளியே அனுப்பப்பட்டார்கள். பார்னபி வண்டியின் பின்னாலேயே நடந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் உயிர் போய்ப் போய் வந்தது. வண்டியிலிருந்த ஃபீபியோ, “வண்டியைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுப்பா,” என்றாள். தண்டனைக்குப் பிறகு மகள் அவனோடு பேசிய முதல் வார்த்தை. மௌனத்தில் கிடந்து காய்ந்திருந்த பார்னபிக்கு அது வேதம் மாதிரிக் கேட்டது. தண்டனை பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள விதியில் தடை எதுவும் இல்லை. அதை எழுதக் கமிட்டி மறந்திருந்தது.

பர்மிங்காமில் கிரிம்லி ஃபீபியின் வயிற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கமிட்டியை ஒரு கெட்ட வார்த்தையால் குறிப்பிட்டார்.

அந்த வாரம் மருத்துவச்சி கைதிகளிடம் போய், “மழை வரும் போலிருக்கே,” என்று சொல்லிவிட்டு வந்தாள். “முக்குன்னு சொல்லாம எப்படிப் பிரசவம் பாக்குறது? எனக்கு வேற வழியில்ல,” என்றாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு ரொட்டி வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அவள் போனால் அவள் புருஷன் யாரோடு சண்டை போடுவான்? அவனும் போனான். செருப்பு தைப்பவர், சாராயக்கடைக்காரி, கோயில் மணியடிக்கிறவன். காலையில் கைதிகள் இருந்த தேவாலயத்தின் வாசலில் வரிசை நின்றது. வந்தவர்களுக்கு டூகல் ஆளுக்கொரு வணக்கம் வைத்துச் சளைத்துப்போனான். “இன்னைக்கு இதுபோதும்வே, தொண்டை கட்டிருச்சு, நாளைக்கு வாங்க,” என்று கதவைச் சாத்தினான்.

எட்டாவது வண்டி பர்மிங்காமுக்கு வந்து நின்ற அன்று கிரிம்லி முத்திரையையும் வெங்காயத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கவன்ட்ரியின் ஸ்பான் வாயிலுக்கு வெளியே ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். சனங்கள் வாயிலுக்கு வெளியே வருவார்கள், முத்திரை விழும், திரும்பி உள்ளே போவார்கள். சிலர் கையில் காய்கறிக் கூடையோடு, சந்தைக்குப் போகிற வழியில் முடித்துக்கொண்டார்கள். புல்மரின் தம்பியும் வந்தார்.

“உங்க அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?” என்றார் கிரிம்லி.

“கோவிச்சா என்ன? பேசவா போறாரு?”

மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள், கைதிகள் இருந்த தேவாலயத்திலேயே கல்யாணம் நடந்தது. கைதிகளில் ஒரு கிழப் போதகர் இருந்தார். படையோடு வந்தவர், ஒரு காது கேட்காது. லஸ்க் கதவருகே, உள்ளே நடப்பதைத் தாம் பார்க்கவில்லை என்பதை எல்லாரும் பார்க்கும்படி நின்றார்.

“பெண்ணைப் பெத்தவன் யாருவே?” என்றார் கிழவர்.

“நான்தான் ஐயா.”

“உனக்குச் சம்மதமா?”

அத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி. பார்னபி சம்மதம் என்றுதான் சொல்ல வாயெடுத்தான். கூடவே அடைபட்டுக் கிடந்த எல்லாமும் வந்துவிட்டது. ஃபீபி பிறந்த அன்று பனி கொட்டியது, அவளை மாவுக்கூடையில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தது, அவளுக்கு முதல் பல் முளைத்தபோது ரொட்டியின் கருகின முனையைக் கடிக்கக் கொடுத்தது, ஜைல்ஸ் முதல் முதலில் வீட்டுக்கு வந்து கதவு முழுக்க நீலக் கையைப் பதித்துவிட்டுப் போனது...

“அப்பா,” என்றாள் ஃபீபி பல்லைக் கடித்துக்கொண்டு. “சம்மதம்னு மட்டும் சொல்லுப்பா. எனக்கு வலி எடுத்துருச்சு.”

“சம்மதம்!” என்றான் பார்னபி.

“என்னது?” என்றார் கிழவர், நல்ல காதைத் திருப்பி.

“சம்மதம்!” என்று தேவாலயமே கத்தியது. மருத்துவச்சி ஏற்கனவே கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ரொட்டி அடுப்புக்குப் பின்னால் பிறந்தது. கல்யாணம் ஆகிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. விதியில் எவ்வளவு நேரம் என்று குறிப்பிடவில்லை.

கவன்ட்ரிக்கு அனுப்பப்படாமல் கவன்ட்ரியில் மிச்சமிருந்தவர்கள் இப்போது கமிட்டி ஐவர் மட்டும்தான். ஊரோடு அவர்கள் பேசக் கூடாது. அது அவர்களே போட்ட விதி. ஊருக்கும் அவர்களோடு பேச வேண்டிய விஷயம் எதுவும் இருக்கவில்லை. முதல் இரண்டு நாள் அவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிப் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது நாள் இது யாருடைய யோசனை என்று பேசினார்கள். நான்காவது நாளிலிருந்து பேசவில்லை. லண்டனுக்குப் போன அறிக்கையில் மட்டும், ‘நகரில் மௌனம் பூரண வெற்றி’ என்று இருந்தது. இன்றைக்கும் ஆங்கிலேயர்கள் ஒருவனோடு ஊர் கூடிப் பேசாமல் விட்டால் அவனைக் கவன்ட்ரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள். நல்ல வேளையாக, பேசிக்கொண்டே போடுகிறார்கள்.

ஐந்தாவது நாள் சாயங்காலம் புல்மர் ரொட்டிக்கடைக்குள் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குனிந்தார். குழந்தை எங்கிருந்தும் அனுப்பப்பட்டதல்ல, இங்கேயே பிறந்தது; எனவே அதோடு பேசலாம். லஸ்க் நேற்றே இதைக் கண்டுபிடித்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

“குடிமகளே!” என்று தொடங்கினார் புல்மர். “இந்த நகரத்தில் களங்கமில்லாமல் மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான். எங்கள் கமிட்டியின் கொள்கை என்னவென்றால்...”

குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. புல்மருக்குக் கொள்கை மறந்துவிட்டது.

“வீட்ல சமையக்காரிகூட பேச மாட்டேங்கிறா பாப்பா,” என்றார் மெல்ல. “நேத்து அவளாண்ட உப்பு எங்கேன்னு கேக்க முடியல. உப்பில்லாமலே சாப்பிட்டேன். என் தம்பி இருக்கானே, அவன் தெருவுல எதிர்ல வந்தான். சிரிக்கிறான். எனக்கு என் குரலே மறந்துரும் போலிருக்கு. என் பேரு எசேக்கியா. எங்கே, சொல்லு பாக்கலாம்... எசேக்கியா.”

குழந்தை அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தது. கொட்டாவி விட்டது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிப்போனது.

புல்மர் நிமிர்ந்தார். டாம்சின் ஒரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் அதில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை விழிப்பதற்காகக் காத்திருந்தார். வாசலில் லஸ்க் போதகர் தம் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்.